பஞ்சும் இரும்பும்: வள்ளல் அழகப்பர் வாழ்வு

அந்தமானில் ஹேடோ என்றோர் இடம் உண்டு. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி அது. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வரும் பெரிய கப்பல்கள் அங்கேதான் கட்டப்படும். நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. இராமநாதபுரம் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறிய என் பாட்டனார் அந்த ஜெட்டியில்தான் முதன்முதலாகக் கால் வைத்தார். ஊர் திரும்பும் எண்ணம் அவருக்கு ஒவ்வோர் ஆண்டும் இருந்தது, ஆனால் திரும்பவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் இரண்டு மணங்கள் வரும். காற்று ஒருபுறமிருந்து வீசினால் மரத்தூள் மணம். சிறு பாலத்துக்கு அப்பால் சாத்தம் தீவில் 1883இல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை இருக்கிறது. மறுபுறமிருந்து வீசினால் உப்பும் துருவும் கலந்த இரும்பின் மணம். மரத்தையும் இரும்பையும் மோந்தே நான் வளர்ந்தேன். அவ்விரண்டுக்கும் ஓர் உறவு உண்டென்பதும், அந்த உறவை ஆராய்வதே என் படிப்பாகும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

என் தந்தையாருக்குக் கப்பல்களில் துரு சுரண்டும் வேலை. சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய துருவை உதிர்ப்பார். கம்பித் தூரிகையால் தேய்ப்பார். பிறகு செந்நிறப் பூச்சு, அதன்மேல் வண்ணம். ஆறு மாதம் சென்றால் அதே இடத்தில் மீண்டும் துரு. ஆண்டில் பெரும்பகுதி மழை, எந்நேரமும் உப்புக் காற்று. இரும்பு என்ன செய்யும்? நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில் ஒருநாள், மேலே பளபளவென்று வண்ணம் பூசியிருந்த ஓர் ஏணியில் அவர் கால் வைத்தார். உள்ளே இரும்பு மாவாகியிருந்தது. படி முறிந்தது, அவர் காலும் முறிந்தது. அன்று முதல் அவர் சற்றே சாய்ந்துதான் நடப்பார். எவர் மீதும் அவர் குறை சொன்னதில்லை. துரு உள்ளிருந்து தின்னும், வெளியில் பார்த்தால் தெரியாது என்பதை மட்டும் எனக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

நண்பர்களே, நான் வேதியியல் படிக்க வந்த கதை இதுதான். இதைச் சொல்லாமல், நான் எழுத எடுத்துக்கொண்ட பெருமகனாரின் வாழ்வைச் சொல்ல இயலாது. அவர் வேதியியல் அறிஞரல்லர். ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையையும் தொட்டவரல்லர். பஞ்சாலை நடத்திய வணிகர். ஆயினும் தமிழ்நாட்டில் இரும்பின் துருவை ஆராய்கிற எந்த மாணவனும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறான். அவர்தாம் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அவர் பிறந்தார். நகரத்தார் மரபு. அக்காலத்தில் அம்மரபில் பிறந்த பிள்ளைகள் கணக்குப் பார்க்கும் அளவுக்குக் கல்வி கற்றதும் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிற்கப் போவார்கள். கல்லூரிப் படிப்பு அவர்களுக்கு வேண்டாத ஆடம்பரம். அழகப்பரோ சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவர் சமூகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே என்பார்கள். பிறகு இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றார்; லண்டனில் வங்கித் தொழில் கற்றார்; விமானம் ஓட்டவும் கற்றுச் சான்றிதழ் பெற்றார். நிலத்தில் உள்ள தொழில் போதாதென்று வானத்தையும் பார்த்துவிட்டு வந்த இளைஞர் அவர்.

தாயகம் திரும்பி வணிகத்தில் இறங்கினார். கொச்சி சமஸ்தானத்தில், இன்றைய திருச்சூர் மாவட்டத்தில், 1937இல் அவர் நிறுவிய துணியாலையைச் சுற்றி ஓர் ஊரே எழுந்தது. அவ்வூருக்கு அழகப்பநகர் என்றே பெயர். மலேயாவில் ரப்பர்த் தோட்டம், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், பம்பாயில் பங்கு வணிகம், பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம் என்று அவர் கை வைக்காத துறை அரிது. பிரிட்டிஷ் அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றதும் அதைத் துறந்தார்.

செல்வம் குவிந்தது, உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. தொழுநோய் அவரைப் பற்றியது. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகிற நோய் அது. அன்றோ மருந்தும் அரிது, மனிதரின் இரக்கம் அதனினும் அரிது. அந்நோய் கண்டவரை வீட்டின் பின்கட்டில் ஒதுக்கிவைத்த காலம். கைகுலுக்க வருபவர்கூட ஒரு கணம் தயங்கியிருப்பார். அத்தயக்கத்தை அவர் எத்தனை முறை கண்டிருப்பாரோ? செல்வந்தராக இருந்தும் அந்தத் துயரை அவர் விலைகொடுத்து விலக்கியிருக்க முடியாது. வேறு ஒருவராயிருந்தால் உலகத்தை வெறுத்திருப்பார். இவரோ உலகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

கல்விக்கு அவர் கொடுத்ததைக் கணக்கிட்டால் ஒரு நூலாகும். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை காண ஓர் இலட்சம் ரூபாய். சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி காண ஐந்து இலட்சம். 1944இல் பிறந்த அக்கல்லூரியே இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகி, ஏ.சி. டெக் என்று மாணவர் நாவில் வழங்குகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்விக்கும் அவர் கை நீண்டது.

1947ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் பேசுகையில், செல்வர்கள் முன்வந்து ஊர்கள்தோறும் கல்லூரிகள் காண வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் அமர்ந்திருந்த அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் தாம் ஒரு கல்லூரி தொடங்குவதாக அங்கேயே அறிவித்தார். அறிவிப்புகள் நம் நாட்டில் மலிவு. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு நாள் முன்னதாகவே, காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே நாற்பது நாள்கூட இல்லை. பின்னர் மகளிர் கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தபோது, கோட்டையூரில் தாம் வாழ்ந்த மாளிகையையே கொடுத்தார். தேரைக் கொடுத்த பாரியையும் தலையைக் கொடுக்கத் துணிந்த குமணனையும் நாம் பாடத்தில் படிக்கிறோம். குடியிருந்த வீட்டைக் கொடுத்தவர் நம் பாட்டன் காலத்தில் இருந்தார் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இனி என் துறைக்கு வருகிறேன். விடுதலை பெற்ற இந்தியாவில் தேசிய ஆய்வுக்கூடங்களை எழுப்பும் பொறுப்பை ஏற்றிருந்தவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். அவர் ஒரு வேதியியல் மேதை. எண்ணெய்க் கிணறு தோண்டும் நிறுவனம் ஒன்று ஒரு சிக்கலோடு அவரிடம் வந்த வரலாறு புகழ்பெற்றது. துளையிடும் கருவிக்கு உதவியாகக் கிணற்றில் சேற்றுக் குழம்பை விடுவார்கள். நிலத்தடி உப்புநீர் பட்டதும் அக்குழம்பு கட்டியாகி இறுகிவிடும், வேலை நின்றுபோகும். பட்நாகர் அதில் இந்தியப் பிசின் ஒன்றைச் சேர்த்தார். குழம்பு இறுகவில்லை. மரப் பிசினின் நீண்ட மூலக்கூறுகள் களிமண் துகள்களின் மேல் படிந்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காத்தன. மகிழ்ந்த நிறுவனத்தார் தந்த ஒன்றரை இலட்சம் ரூபாயை அவர் தமக்கென்று கொள்ளாமல் தம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கே கொடுத்தார்.

கொடுக்கத் தெரிந்த அந்த அறிஞரின் திட்டத்துக்குக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட வணிகர் துணை நின்றார். மின்வேதியியலுக்கென ஒரு தேசிய ஆய்வு நிலையம் காரைக்குடியில் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அழகப்பர் வழங்கினார். 1948 ஜூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள், பொங்கலை ஒட்டி, குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் அதை நாட்டுக்கு உரிமையாக்கினார். ஊரார் அதைச் சிக்ரி என்பார்கள். தலைநகரங்களுக்கே கிடைக்கக்கூடிய ஒன்று, முள்ளும் செம்மண்ணும் நிறைந்த செட்டிநாட்டுக்குக் கிடைத்தது. மின்கலம், மின்முலாம், அலுமினியம் போன்ற உலோகங்களைப் பிரித்தல், இவற்றோடு உலோக அரிப்பு ஆகியன அந்நிலையத்தின் பணிகள். கடலோரக் கட்டடங்களின் கம்பிகளைத் துருவிலிருந்து காக்கும் பூச்சு முறை அங்கே உருவாகி நாடெங்கும் பயன்பட்டது.

என் ஆய்வும் இந்த அரிப்பைப் பற்றியதே. பஞ்சிலிருந்து பிறந்த ஒரு பொருள் இரும்பை எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பது அதன் பொருள். அதை இங்கே எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

பஞ்சு பெரும்பாலும் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது; மரத்தின் முதன்மையான பகுதியும் அதுவே. குளுக்கோஸ் வளையங்கள் ஆயிரக்கணக்கில் கோத்த மாலை என்று அதைக் கருதலாம். ஒவ்வொரு மணியிலும் மூன்று ஹைட்ராக்சில் கைகள் உண்டு. அம்மாலைகள் தம் கைகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக் கிடப்பதால், வேட்டியை எத்தனை முறை துவைத்தாலும் அது நீரில் கரைவதில்லை. பஞ்சைக் காரநீரில் ஊறவைத்துக் குளோரோ அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்தால், அக்கைகளில் சிலவற்றில் கார்பாக்சிமெதில் தொகுதிகள் இணைந்துவிடும். நீரில் அவை எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். மாலைகள் பிரிந்து நீரில் கரையும். இதுவே கார்பாக்சிமெதில் செல்லுலோஸ். ஐஸ்கிரீமைக் குழைவாக்குவதும், ஆலையில் பாவு நூலுக்குக் கஞ்சியாவதும், பட்நாகரின் பிசின் செய்த வேலையை எண்ணெய்க் கிணற்றில் இன்று செய்வதும் இதுதான்.

இரும்பு துருப்பிடிப்பதென்றால் என்ன? ஓரிடத்தில் இரும்பணு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் இறங்கிவிடும். விட்ட எலக்ட்ரான்களை வேறோர் இடத்தில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே உப்புநீர் பாலமாகிறது. ஒவ்வொரு துருப் புள்ளியும் ஒரு சிறு மின்கலம். ஆகையால்தான் துருவும் மின்கலமும் ஒரே ஆய்வு நிலையத்தின் கூரையின்கீழ் ஆராயப்படுகின்றன.

அந்த நீரில் மாற்றிய செல்லுலோஸைச் சிறிதளவு கலந்தால், அம்மாலைகள் இரும்பின் முகத்தில் போய்ப் படிகின்றன. பற்றும் வழி இரண்டு. சாதாரண நீரில், கார்பாக்சில் தொகுதியின் ஆக்சிஜன் தன்னிடம் தனித்திருக்கும் எலக்ட்ரான் இணையை இரும்பின் காலியான இடத்துக்குக் கொடுத்துப் பிணைப்பு உண்டாக்கும். கொடுப்பதால் உண்டாகும் உறவு அது. அமிலத்தில் நிலைமை வேறு. அங்கே உலோக முகத்தின் நேர்மின்னூட்டத்தை நாடி அமிலத்தின் எதிர் அயனிகள் முதலில் வந்து அமர்கின்றன. அவற்றின் மேல், புரோட்டான் ஏற்ற செல்லுலோஸ் மாலை மின்கவர்ச்சியால் வந்து ஒட்டுகிறது. இது தளர்ந்த பிடி.

எவ்வளவு படியும் என்பதற்கு அமெரிக்க அறிஞர் லாங்மியூர் முதல் உலகப்போர்க் காலத்தில் ஒரு கணக்கு வகுத்தார். கொட்டகையில் இருக்கைகள் இவ்வளவுதான். ஓர் இருக்கையில் ஒருவர்தான். இடம் நிறைய நிறைய, புதிதாக வருபவருக்கு இடம் அரிதாகும். பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அமிலத்தில் செல்லுலோஸ் படியும் சோதனைகள் பலவும் அந்தக் கணக்குக்கு இணங்கியே வருகின்றன.

நீண்ட மாலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சிறிய மூலக்கூறு ஒற்றைக் காலில் நிற்பது, தளர்ந்தால் விழுந்துவிடும். மாலையோ மரவட்டையைப் போலப் பல கால்களால் பற்றுகிறது. ஒரு கால் விட்டாலும் மற்றவை விடுவதில்லை. எல்லாக் கால்களும் ஒரே கணத்தில் விட்டால்தான் அது பெயரும். பலவீனமான பிடிகள் பல கூடினால் பலமான பிடி.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஹேடோவின் ஏணிகளையெல்லாம் காத்துவிடலாம் என்ற கனவோடு நான் சோதனை தொடங்கினேன். உருக்குத் தகடுகளைத் தேய்த்து, நிறுத்து, அமிலத்தில் தொங்கவிட்டேன். அறை வெப்பத்தில் எடை இழப்பு நன்றாகக் குறைந்தது; துள்ளிக் குதித்தேன். வெப்பத்தைக் கூட்டியதும் பாதுகாப்பு நழுவியது. தளர்ந்த பிடியின் அடையாளம் அதுவே. அயோடைடு சேர்த்தபோது சற்றுத் தேறியது. ஆயினும் உண்மை என்னவென்றால், நீரில் கரையும் இப்பொருளைக் கடலில் நிற்கும் தூணுக்குப் பூசினால் அலை கழுவிப் போய்விடும். மூடிய குழாய்களில் சுற்றும் நீருக்கும், துரு நீக்கும் அமிலத் தொட்டிக்கும் இது உதவலாம். ஹேடோ ஏணிக்கு இது மட்டும் போதாது. இதை உணர்ந்த நாளில் படிப்பையே விட்டுவிடலாமா என்று எண்ணினேன்.

அந்த விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில் காரைக்குடியில் இறங்கினேன். அழகப்பர் கொடுத்த நிலத்தில் மரங்கள் உயர்ந்து நின்றன. அவருடைய கல்வி நிலையங்களின் வளர்ச்சியாக 1985இல் எழுந்த பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆய்வு நிலையம் திறந்து நான்கு ஆண்டு கழிந்தபின், 1957 ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக, அழகப்பர் மறைந்தார் என்பதை அங்கே நின்று எண்ணிப் பார்த்தேன். அதற்கு முன்பு அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்திருந்தது. அவர் கொடுத்த 300 ஏக்கரில் என்ன விளைந்ததென்று அவர் பெரும்பாலும் காணவில்லை. காண்போமா என்று கேட்டுக்கொண்டும் அவர் கொடுக்கவில்லை. தம் உடம்பைத் தின்ற நோய்க்கு அன்று முழுத் தீர்வு இல்லை. எனினும் என்றோ, எவரோ, எதையோ கண்டுபிடிக்க அவர் இடம் அமைத்துத் தந்தார். ஒரு சோதனை தோற்றதற்கே நான் பெட்டி கட்டிய வெட்கம் என்னைச் சுட்டது.

மூன்று இரவு கடற்பயணத்துக்குப்பின் ஹேடோவில் இறங்கினேன். ஜெட்டியில் தந்தையார் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என் சோதனை தோற்றதை அவரிடம் சொன்னேன். எத்தனை நாள் வெயிலிலும் மழையிலும் சோதித்தேன் என்றுதான் அவர் கேட்டார். எத்தனை முறை செய்தேன் என்றும் கேட்டார். முப்பது ஆண்டு துரு சுரண்டியவருக்கு மூன்று மாதச் சோதனை ஒரு தோல்வியாகவே தோன்றவில்லை. கரையாத பூச்சு ஒன்றின் அடியில் இந்த மாலையை வைத்தால் என்ன என்ற எண்ணம் அன்று மாலையே எனக்குப் பிறந்தது. இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். முடிவு எப்படி வருமோ, தெரியாது.

நண்பர்களே! நம் விடுதியிலும் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கும் பலரும் எவரோ கொடுத்த இடத்தில், எவரோ கட்டிய கூரையின்கீழ்ப் படிக்கிறோம். வள்ளல்களின் பெயரைக் கட்டடத்தின் நெற்றியில் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர்கள் வாழ்வையும் ஒருமுறை படியுங்கள். பஞ்சில் பொருள் ஈட்டிய ஒருவர் இரும்பின் நோயை ஆராயப் பணம் கொடுத்தார். இன்று அப்பஞ்சின் மூலக்கூறே இரும்பைக் காக்குமா என்று ஒரு ஹேடோ மாணவன் ஆராய்கிறான். அழகப்பர் இதை எண்ணிக் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் கொடுத்தார். நாமும் நம்மால் இயன்ற பிடியைப் பிடிப்போம். பல பிடிகள் கூடினால் எளிதில் பெயராது.